எதிர்நீந்திய ஏடும் கரையான் தின்ற ஏடும்

ஆய்வுகளை மின்னணு வடிவில் வெளியிடுவதும் அவற்றை ஆவணகங்களில் சேமித்து வைப்பதும் பெரும்பாலும் கணினித் தொழில்நுட்பச் செய்திகளாகவே பேசப்படுகின்றன. எத்தனை படிகள் எடுப்பது, எந்த வடிவில் வைப்பது, செலவை யார் தாங்குவது என்பனவே அங்கு எழும் வினாக்கள். இவற்றுக்கு அடியில், தருக்க நூலாரும் சமய ஆசிரியரும் நெடுங்காலம் வழக்காடிய வேறொரு வினா கிடக்கிறது. சொன்னவன் மறைந்த பின்னும் எஞ்சி நிற்கும் சொல் எதனால் அறிவாகிறது என்பதும், எஞ்சியிருத்தலே அதன் மெய்ம்மைக்குச் சான்றாகுமா என்பதுமே அவ்வினா. போடிநாயக்கனூரின் மேற்கு மலைகளைக் களமாகக் கொண்டு எழுதப்பட்டு, இன்று மின்னணுக் களஞ்சியங்களில் காக்கப்படும் ஓர் ஆய்வறிக்கை இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது.

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரத்து அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்க 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் வழங்கியது. நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, மிக மிகச் சிறிய நிறை கொண்ட, பூமிப்பந்தையே துளைத்துக்கொண்டு மறுபுறம் சென்றுவிடக்கூடிய நுண்துகள். வானிலிருந்து பொழியும் ஏனைய துகள்களை வடிகட்டி அதனை மட்டும் இனங்காண நாற்புறமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை வேண்டும் என்பதால் மலை தேவைப்பட்டது. மலைக்குள் 50,000 டன் எடையில் காந்தமேற்றிய இரும்புத் தகடுகளை அடுக்கிய கருவி நிறுவப்படுவதாக இருந்தது. சூழலியல் கவலைகளாலும் வட்டார மக்களின் எதிர்ப்பாலும் வழக்குகள் எழுந்தன. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்ததும், 2018இல் ஒன்றிய அரசு மீண்டும் அனுமதி அளித்ததும், 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் மறுப்பைப் பதிவு செய்ததும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. கூடம் எழவில்லை. ஆயினும் அக்கருவி எவற்றையெல்லாம் காணக்கூடும் என்று அறிவியலாளர்கள் விரிவாகக் கணித்து எழுதிய அறிக்கை 2015இல் ஆர்க்கைவ் என்னும் திறந்த முன்பதிப்புக் களஞ்சியத்தில் ஏற்றப்பட்டு, 2017இல் இந்திய அறிவியல் அகாதெமியின் இயற்பியல் இதழாகிய 'பிரமாணா'வில் வெளிவந்தது. முன்பதிப்பு என்பது இதழாசிரியர்களின் மதிப்பீட்டுக்கு முன்பே ஆய்வாளர் பொதுவில் வைக்கும் கட்டுரை. ஆர்க்கைவ் 1991இல் பால் கின்ஸ்பார்க் என்னும் இயற்பியலாளரால் தொடங்கப்பட்டது. பிறக்காத ஒரு கூடத்தின் அறிவு இவ்வாறு பல கண்டங்களில் பல படிகளாகக் காக்கப்பட்டு வருகிறது.

இதழின் பெயரே வினாவின் உள்ளே இட்டுச் செல்கிறது. பிரமாணம் என்னும் வடசொல்லுக்குத் தமிழ் மரபு வைத்த பெயர் அளவை. ஒரு பொருளை அது உள்ளவாறு அளந்தறியும் வழி என்பது அதன் பொருள். மணிமேகலையில் சமயக் கணக்கர் பத்து அளவைகள் வரை எண்ணுகின்றனர். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அவற்றையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. காண்டல் புலன்களால் நேரே அறிவது. கருதல் கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறிவது. உரை நம்பத் தகுந்தவர் சொல்லைக் கொண்டு அறிவது. ஆவணகத்தில் இருப்பவை அனைத்தும் இம்மூன்றாவதைச் சேர்ந்தவை என்பதை எளிதில் மறந்துவிட நேர்கிறது; அறிவியல் காண்டலையும் கருதலையும் மட்டுமே சார்ந்தது என்னும் எண்ணம் அவ்வளவு வலுவாக வேரூன்றியுள்ளது. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய அறிவியலாளர்கள் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை இனங்கண்டனர். தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டில் அவை இனங்காணப்பட்டன. கோலார்ச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது. அன்று அவர்கள் கண்டது அவர்களுக்குக் காண்டல். இன்று அதைப் படிப்பவருக்கு அது முழுக்க முழுக்க உரை.

உரை அளவையாகுமா என்பதில் பழைய மரபுகள் ஒன்றுபடவில்லை. அவ்வேறுபாடுகள் ஆவணகத்தைப் பற்றிய இன்றைய மனப்பான்மைகளோடு வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன. மீமாஞ்சகர் சொல் என்றும் உள்ளது என்றும், வேதம் எவராலும் இயற்றப்படாதது என்றும், பிழை என்பது சொல்பவனிடமிருந்து வருவதாகையால் சொல்பவன் இல்லாத இடத்தில் பிழைக்கும் இடமில்லை என்றும் வாதிட்டனர். இணையத்தில் ஒரு கோப்பைக் கண்டதும், எழுதியவர் யார், மதிப்பிட்டவர் யார் என்று பாராமல் அதை ஏற்றுக்கொள்ளும் மாணவர் தம்மை அறியாமலேயே மீமாஞ்சகர் ஆகிவிடுகிறார். வேதத்துக்கு அவர்கள் வகுத்த விதியை அவர் ஒரு பி.டி.எஃப். கோப்புக்கு வழங்கிவிடுகிறார் என்பதே வேறுபாடு. பௌத்தத் தருக்கிகள் காண்டலும் கருதலும் ஆகிய இரண்டே அளவைகள் என்றனர். மணிமேகலைக்கு அறவண அடிகள் உரைப்பதும் இதுவே. நியாய நூலார் இடைவழியில் நின்று, உரை என்பது ஆப்தனுடைய சொல் என்றனர். பொருளை நேரே அறிந்து, அறிந்தவாறே பிறருக்குச் சொல்ல விரும்புகிறவன் ஆப்தன். அவ்விலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று உரையாசிரியர் வாத்சியாயனர் துணிந்து எழுதினார். சாதியோ மொழியோ அன்றி அறிந்த முறையும் சொல்லும் நேர்மையுமே ஒருவரை ஆப்தனாக்குகின்றன என்னும் இக்கருத்து, ஆவணகம் எதைக் காக்க வேண்டும் என்பதற்கும் விடை வைத்திருக்கிறது. சொல்லை மட்டும் காத்துவிட்டு, சொன்னவர் யார், எவ்வாறு அறிந்தார், எப்போது எதை மாற்றினார் என்பவற்றை விட்டுவிட்டால், அங்கு ஒலி எஞ்சும், அளவை எஞ்சாது. ஆர்க்கைவ் களஞ்சியத்தில் திருத்திய கட்டுரை ஏறியபின்னும் முந்தைய வடிவம் அகற்றப்படாமல் எண்ணிட்டு வைக்கப்படுவது, இந்த நோக்கில், தொழில்நுட்ப வசதி என்பதைவிட ஓர் அளவையியல் நெறி என்றே சொல்லத் தகும்.

எஞ்சியதே மெய் என்னும் எண்ணத்துக்குத் தமிழ்நாட்டுச் சமய வரலாற்றில் வலுவான ஒரு கதை இருக்கிறது. போடி மலைச்சரிவுகளில் குரங்கணிப் பக்கம் பிறந்து இறங்கும் கொட்டகுடி ஆறு தேனியை ஒட்டி வைகை நீரோடு கலக்கிறது. அந்த வைகை சோழவந்தானை அடுத்து ஓடும் இடத்தில், அதன் கரையில் திருவேடகம் இருக்கிறது. சமணரோடு நிகழ்ந்த வாதில் திருஞானசம்பந்தர் தீயிலிட்ட ஏடு பச்சையாகவே இருந்ததும், ஆற்றில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்று கரையேறியதும் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லப்படுகின்றன. ஏடு கரையேறிய இடமே ஏடகம் ஆயிற்று. சமணர் இட்ட ஏடு எரிந்தது. ஆற்றில் விட்டதோ வெள்ளத்தோடு போயிற்று. பொருளின் உண்மையை அது எழுதப்பட்ட ஓலையின் பிழைப்பு நிறுவிவிடுகிறது என்பதே கதையின் மேலோட்டமான பாடம்.

ஆனால் கதையைச் சற்று ஊன்றிப் பார்த்தால் அது எதிரான ஒன்றைச் சொல்கிறது. எழுதப்பட்டது மெய்யோ பொய்யோ, ஓலை தீயில் எரியும், நீர் போகும் போக்கில் போகும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தான் ஏடு எதிர்நீந்தியது அற்புதமாகும். மெய்யான ஏடுகள் இயல்பாகவே பிழைக்குமாயின் அங்கே அருளுக்கு வேலையே இல்லை. ஆகவே ஏட்டின் பிழைப்புக்கும் அதன் மெய்ம்மைக்கும் இயற்கையில் எத்தொடர்பும் இல்லை என்பதைத் தன் அடித்தளமாகக் கொண்டே திருவேடகக் கதை நிற்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வெள்ளத்தோடு போன சமண ஏட்டில் எழுதியிருந்தது 'அத்தி நாத்தி' என்பதைச் சேக்கிழாரே சொல்கிறார். ஒரு பொருளை ஒரு நோக்கில் உண்டு என்றும் மற்றொரு நோக்கில் இல்லை என்றும் சொல்லலாம் என்னும் சமண அநேகாந்தக் கொள்கையின் சுருக்கம் அது. ஆறு கொண்டுபோன சொல்லை வென்றவரின் புராணம் காத்து வைத்திருக்கிறது.

இரண்டாவது கதை தில்லையைச் சேர்ந்தது. உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறை கண்ட புராணம் அதனைச் சொல்கிறது. தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலின் பூட்டிய அறையில் இருப்பதை நம்பியாண்டார் நம்பி வழியாக அறிந்த சோழ மன்னன் அறையைத் திறக்கச் சொல்ல, பாடிய மூவரும் வந்தாலன்றித் திறக்க இயலாது என்று மறுக்கப்பட, மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறை திறக்கப்படுகிறது. உள்ளே ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருக்கிறது. மூவர் பாடியவை 1,03,000 பதிகங்கள் என்பது மரபுரை. இன்று இருப்பவை 800க்கும் குறைவு. மன்னன் மனம் நொந்து நிற்கையில், இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்து ஏனையவற்றை மறையச் செய்தது இறைவனே என்று ஒரு குரல் எழுந்ததாகப் புராணம் ஆறுதல் சொல்கிறது.

பக்தருக்கு இந்த ஆறுதல் போதும்; இழப்பை அருளுக்குள் அடக்கிக்கொள்வது சமயத்தின் இயல்பான வேலைகளுள் ஒன்று. ஆவணகத்தாருக்கு இதைவிடத் தீங்கான கொள்கை வேறில்லை. போனது வேண்டாததுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் கரையானை விரட்டுவதற்குக் காரணமே இல்லாமற் போகிறது. இன்றைய சொற்களில் இதே கொள்கை வேறு வடிவம் எடுக்கிறது: பயனுள்ள கட்டுரை எப்படியும் எங்காவது இருக்கும், எவரும் தேடாதது போனால் என்ன என்பது அதன் வாசகம். லண்டன் பர்க்பெக்கைச் சேர்ந்த மார்ட்டின் ஈவ் 2024இல் வெளியிட்ட ஆய்வில், டி.ஓ.ஐ. என்னும் நிலையான அடையாள எண் பெற்ற 74 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகளைச் சோதித்தபோது, அவற்றுள் ஏறத்தாழ 28 விழுக்காடு எந்தப் பெரிய ஆவணகத்திலும் சேமிக்கப்பட்டதற்குத் தடயமில்லை. 2000 முதல் 2019 வரை கட்டணமின்றிப் படிக்கத்தக்க 176 ஆய்விதழ்கள் இணையத்திலிருந்தே மறைந்ததை 2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. இவற்றில் எவை காலத்துக்கு வேண்டாதவை என்று சொல்ல எந்தக் குரலும் எழவில்லை. கட்டணம் கட்டாத வழங்கி, ஓய்வுபெற்ற இதழாசிரியர், பெயர் மாறிய துறை என்று காரணங்கள் கரையானைப் போலவே அற்பமானவை.

தில்லைக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி அடுத்து வருகிறது. ஏடுகள் கிடைத்தபின் அவற்றைப் பாடுவதற்குரிய பண் எவருக்கும் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியிடமிருந்தே பண்ணடைவு பெறப்பட்டது. பூட்டிய அறை சொல்லைக் காத்தது, அதுவும் அரைகுறையாக. இசையைக் காத்தது ஒரு குடும்பத்தின் தொண்டை. அவ்வம்மையின் பெயரைப் புராணம் சொல்லாமல் விட்டது அந்நூலின் பெருங்குறை என்றே கருத வேண்டும், ஏனெனில் அவரே அக்கதையின் ஆப்தர்.

காத்தல் என்னும் ஒரே சொல் எத்தனை வேறுபட்ட செயல்களைக் குறிக்கிறது என்பதை ஏலமலைச் சரிவுகளில் பயிர்செய்வோர் நூலறிவு இன்றியே அறிந்திருக்கின்றனர். (ஏலம் என்பது காய்க்கும் விற்பனை முறைக்கும் ஒரே சொல்லாக அமைந்தது தமிழின் குறும்பு, போடியில் ஏலக்காய் ஏலம் இன்று கணினித் திரையில் நடக்கிறது.) பறித்த பச்சைக்காயை ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் இதமான சூட்டில் உலர்த்துவது ஒருவகைக் காப்பு: நிறமும் மணமும் நெடுநாள் நிற்கும், ஆனால் அந்தக் காயின் விதை பின்னர் முளைப்பதற்கு உதவாது. முளைப்பதற்கு வேண்டிய விதையை நன்கு பழுத்த காயிலிருந்து எடுத்து, வழுவழுப்புப் போகக் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, காலம் தாழ்த்தாமல் விதைத்துவிட வேண்டும். வைத்திருக்க வைத்திருக்க அதன் முளைப்புத்திறன் குன்றும். அயல் மகரந்தச் சேர்க்கையால் உண்டான விதையாகையால் முளைக்கும் செடி தாயை முழுதும் ஒத்திருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. தாயையே அச்சாகப் பெற விரும்புவோர் தூரைப் பிரித்து நடுகின்றனர். இடுக்கி மாவட்ட விவசாயி ஒருவர் தம் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த ஞள்ளானி என்னும் ரகம் இம்முறையிலேயே மலை முழுதும் பரவியது. மணத்தைக் காப்பது, உயிரைக் காப்பது, வடிவத்தைக் காப்பது ஆகிய மூன்றும் மூன்று வேலைகள். ஒன்றைச் செய்தவர் மற்ற இரண்டையும் செய்துவிட்டதாகக் கொள்வதற்கில்லை.

மின்னணுக் காப்பு தன்னைத் தூர்பிரித்து நடுதலாகவே எண்ணிக்கொள்கிறது. ஓலையிலிருந்து ஓலைக்கு எழுதியவர் கைதவறியும் மனமறிந்தும் பாடபேதங்களை உண்டாக்கினார். கணினியோ மூலத்துக்கும் படிக்கும் வேறுபாடே இல்லாமல் படியெடுக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு ஒரு நீண்ட சரிபார்ப்பு எண் பெறப்படுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடுமாதலால், நூறாண்டு கழித்தும் படி மூலத்தோடு ஒத்திருப்பதை அந்த எண் காட்டிவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் 1999இல் தொடங்கிய லாக்ஸ் திட்டத்தில், வெவ்வேறு நூலகங்களின் கணினிகள் தத்தம் படிகளை அவ்வப்போது ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பழுதுபட்ட படியைப் பழுதற்ற படிகளைக் கொண்டு திருத்திக்கொள்கின்றன. பௌத்தர் பொருள்கள் கணந்தோறும் அழிந்து பிறக்கின்றன என்றும், ஒரே பொருள் என்று தோன்றுவது அக்கணங்களின் சந்தானமே, அதாவது இடையறாத் தொடர்ச்சியே என்றும் சொன்னதை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு அவர்களுக்குக் கிடைத்திருக்காது. வட்டு சில ஆண்டுகளில் பழுதாகும், அதற்குள் கோப்பு வேறு வட்டுக்கு மாற வேண்டும். மூலப்பொருள் என்று கைகாட்ட எதுவும் இல்லை, மாற்றும் செயலின் தொடர்ச்சி மட்டுமே உண்டு. சைவ சித்தாந்தி இதற்கு உடன்படமாட்டார். காரணத்தில் நுண்மையாக இருப்பதே காரியமாக வெளிப்படுகிறது என்னும் சற்காரியவாதத்தின்படி, வட்டுகள் மாறினாலும் மாறாத ஒன்று கோப்பில் உள்ளது என்பார். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானபோது, வேறு படியில்லாத ஏடுகளைப் பொறுத்தவரை இவ்விவாதமே பொருளற்றதாயிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளைப் பல படிகளாக்கி வைப்பது அந்தச் சாம்பலிலிருந்து கற்ற பாடம்.

ஆயினும் தூர் என்று நட்டது ஸ்டோரில் உலர்ந்த காயாகப் போன நிகழ்ச்சி தமிழ் ஆய்வுலகிலேயே பரவலாக உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த விதிகளால் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகள் காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையத்தின் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. 1966இல் தோன்றிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் உள்ளிட்ட தமிழகப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளும் அங்கு உள்ளன. யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறை பரவுவதற்கு முன்னும் பரவிய பின்னரும், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியீடு வைத்த பாமினி போன்ற எழுத்துருக்களில் எண்ணற்ற தமிழ் ஆய்வேடுகள் தட்டச்சிடப்பட்டன. பாமினியில் 'அம்மா' என்று அடித்ததைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்னும் ஆங்கிலக் குறிகளின் வரிசையாகவே வைத்திருக்கிறது. எழுத்துரு உடன் இருக்கும்வரை அது தமிழ், எழுத்துரு நீங்கினால் குப்பை. சரிபார்ப்பு எண் சற்றும் மாறாது. ஒரு குறியும் கெடாமலே சொல் முழுதும் கெட்டுப்போகும் இந்த நிலையைப் பர்த்ருஹரி கண்டிருந்தால் வியந்திருக்கமாட்டார். ஒலிகள் வேறு, அவற்றால் உள்ளத்தில் மலரும் பொருட்சுடராகிய ஸ்போடம் வேறு என்பது அவருடைய இலக்கண மெய்யியலின் மையக் கருத்து. 1998 பொங்கலன்று தொடங்கி, சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் வழிநடத்திய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பழைய குறியீடுகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. அவ்வாறு மாற்ற ஆளில்லாத ஆய்வேடுகள் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு இல்லாமற் போயின. 'அத்தி நாத்தி' என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஏலத்தின் அறிவியல் பெயரே ஓர் உரையின் நெடிய பயணத்தைச் சொல்கிறது. டச்சு ஆளுநர் ஹென்றிக் வான் ரீட் தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' ஏலத்தை 'ஏலத்தரி' என்னும் மலைநாட்டுப் பெயராலேயே பதிந்தது. அச்சொல்லை ஒட்டி 1811இல் வில்லியம் மேட்டன் எலெட்டேரியா என்னும் பேரினப் பெயரை அமைத்தார். அந்நூலுக்கு மூலிகை அறிவை வழங்கியவர்களுள் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தலையாயவர். தம் ஏடுகளிலிருந்தும் பட்டறிவிலிருந்தும் சொன்னதற்கு அவர் கோலெழுத்தில் எழுதிக் கொடுத்த சான்றுரை முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. முனிவர், ஆரியர், மிலேச்சர் எவராயினும் ஆப்தர் இலக்கணம் ஒன்றே என்ற வாத்சியாயனரின் விதிக்கு ஐரோப்பியர் அறியாமலே காட்டிய உதாரணம் இது. கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து 2003இல் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரும்வரை லத்தீன் அறிந்த சிலரன்றி எவரும் புகாத அந்நூலின் பக்கங்கள் இன்று இணையத்தில் எவருக்கும் திறந்திருக்கின்றன. சான்றுரை ஏட்டோடு சேர்ந்தே பயணம் செய்ததால், 300 ஆண்டுக்குப் பின்னும் சொன்னவர் இன்னார் என்று தெரிகிறது.

சமயக் கண்ணில் எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவைப்பது நன்மையே என்பது உறுதியானதன்று. புதுச்சேரியில் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றுள் மிகுதியானவை தீக்கை பெற்றோருக்கே உரியனவாக விதிக்கப்பட்ட ஆகமங்களும் பத்ததிகளும். அதிகாரம், அதாவது கற்பதற்குரிய தகுதி, என்னும் அக்கருத்தைப் பழைய பூட்டு என்று தள்ளிவிடுவோர் உண்டு. அது பல இடங்களில் பூட்டாகவே இருந்தது என்பதும் பொய்யன்று. ஆனால் ஏலமலைக் காடுகளில் தலைமுறைகளாக வாழும் முதுவர், பளியர் ஆகியோரின் தேனும் மூலிகையும் பற்றிய அறிவைப் பதிவுசெய்ய வருபவருக்கு அதே கருத்து வேறு முகம் காட்டுகிறது. அங்கு திறக்கும் உரிமை அறிவை உடையவரிடம் இருக்கிறது, திறக்க வந்தவரிடம் இல்லை. காப்பதற்காக எடுத்தது களவாக முடிந்ததற்கு மூலிகை வரலாற்றில் குறைவில்லை.

எதிர்த்தரப்பைக் காப்பதில் பழைய நூலாருக்கு இருந்த ஒழுக்கம் குறிப்பிடத்தக்கது. சிவஞான சித்தியார் தன் பரபக்கத்தில் பிற சமயத்தார் கொள்கைகளை முதலில் எடுத்துரைத்துப் பின்னரே மறுக்கிறது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசி மறைந்துவிட்டது. அதை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியின் வழியாகவே அதன் தடம் பெரிதும் தெரிகிறது. சைவராகிய உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, கும்பகோணத்துச் சமணர்கள் அந்நூலைச் சமய நூலாக ஓதியும் பொருள் சொல்லியும் வந்ததால். தேனி மாவட்டத்திலேயே உத்தமபாளையத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும், அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் பொறித்த வட்டெழுத்தும் உள்ளன. செதுக்குவித்த சமூகம் அவ்வூரைவிட்டு நீங்கி நூற்றாண்டுகள் ஆகின்றன, அப்பாறையை மக்கள் கருப்பணசாமி பெயரோடு சேர்த்தே அறிகின்றனர். சாமியும் தீர்த்தங்கரரும் ஒரே கல்லில் இருக்கிறார்கள். வழிபாடு நிகழும் இடமாக இருந்ததே கல்லை உடைக்காமல் காத்திருக்கக்கூடும்.

அம்பரப்பர் மலையைப் பற்றிய அறிவும் இவ்வாறே இரு தரப்பாகக் கிடக்கிறது, ஆனால் ஒரே கல்லில் இல்லை. இயற்பியலாளரின் அறிக்கை அடையாள எண்ணோடும் வடிவ எண்ணோடும் பல நாடுகளில் காக்கப்படுகிறது. மலையைத் தெய்வமாகக் கொண்டாடும் பொட்டிபுரத்து மக்களின் சொல்லோ மனுக்களிலும் செய்தித்தாள் துண்டுகளிலும் நீதிமன்றக் கோப்புகளிலும் சிதறியிருக்கிறது. அம்பரப்பரைப் பற்றி முதியவர் சொல்லும் கதைகள் அந்த அளவுக்குக்கூட எழுத்தேறவில்லை. பின்னொரு நூற்றாண்டில் இக்களஞ்சியங்களை மட்டும் திறந்து பார்க்கும் ஆய்வாளர், போடி மேற்கு மலையை ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள தகுந்த பாறை என்று அறிவார். அங்கே ஒரு தெய்வம் இருந்ததையும் ஒரு வழக்கு நடந்ததையும் அவர் அறிய வழியிருக்காது. எஞ்சியதே மெய் என்று அவர் கொண்டால் அவர்மேல் குற்றமில்லை.

அறிக்கையின் சொற்கள் இனி நிகழப்போவதைச் சொல்லும் எதிர்காலத்தில் அமைந்தவை: கூடம் அமையும், கருவி நிறுவப்படும், துகள் அதில் பதியும். அந்த வினைமுற்றுகளை எவரும் திருத்தலாகாது. திருத்தினால் 2015இல் அறிந்தவர் அறிந்தவாறு சொன்ன சொல்லாக அது இராது. அதன் அருகில், அதே களஞ்சியத்தில், அதே வகை எண்ணிட்டு, பொட்டிபுரத்தார் கொடுத்த மனுவை வைப்பதற்கு எந்த விதியும் தடையாக இல்லை. அதை ஏற்றுவதற்கு ஆகும் இடம் சில நூறு கிலோபைட்டுகள்.